ஒரு வாளிக் கடலும் ஒரு பாட்டில் பாகூரும்

அன்புசெல்வியை யாராவது திட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளைத் திட்டுகிற உரிமை எனக்கு மட்டும்தான் என்று நான் முடிவு செய்து வைத்திருந்த காலம் அது. இருவரும் பிளஸ் ஒன், உயிரியல் பிரிவு, ஒரே பெஞ்சு. நான் பாகூரிலிருந்து பஸ் பிடித்து வருவேன். அவள் வைத்திக்குப்பத்திலிருந்து நடந்தே வருவாள். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற நான் மணி அடிப்பதற்கு முன்பே பெஞ்சில் இருப்பேன். கூப்பிடு தூரத்தில் இருக்கிறவள் தினமும் தாமதம். படகு கரைக்கு வந்து, அவள் அம்மா தனம் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையை அவர் தலைக்கு இவள் ஏற்றிவிட்ட பிறகுதான் பள்ளிக்கூடம். அதற்குள் வாட்ச்மேன் கேட்டைச் சாத்தியிருப்பார்.

2006 காலாண்டுத் தேர்வில் அவள் மூன்று பாடத்தில் கோட்டை விட்டாள். மற்ற இரண்டைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை, அவளுக்கும் இல்லை. மூன்றாவது விலங்கியல். 'செல்லின் பாகங்களையும் அவற்றின் பணிகளையும் விவரி' என்ற கேள்விக்கு நாங்கள் எல்லோரும் புத்தகத்தை அப்படியே கக்கி வைத்தோம். இவள் மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: 'மைட்டோகாண்ட்ரியா என்பது படகின் இன்ஜின். அது நின்றுபோனால் படகு இருக்கும், ஆனால் எங்கேயும் போகாது.' திருத்தியவர் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார்.

தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு, தீபாவளி லீவு முடிந்ததும் வணிகவியல் பிரிவுக்குப் போய்விடும்படி சொல்லிவிட்டார். சயின்ஸ் அவளுக்கு ஒத்துவராதாம். அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் அவள் அழுததை நான் பார்த்தேன். அதற்கு முன்னால் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"கணக்கு எழுதற வேலை எனக்கு வேணாம்டி ஹேமா," என்றாள். "எங்கப்பாவுக்கு ஜுரம் வந்தப்ப எல்லாரும் சாதா ஜுரம்னாங்க. பெரியாஸ்பத்திரி லேப்ல ஒரு அக்காதான் ரத்தத்தை அந்த மைக்ராஸ்கோப் குழல்ல வெச்சிப் பாத்து, மலேரியான்னு சொன்னாங்க. அவங்க பாக்கலன்னா எங்கப்பா இல்ல. எனக்கு அந்த வேலைதான் வேணும்."

அவள் அப்பா இருசப்பனை எனக்குத் தெரியும். வலை பின்னிக்கொண்டே பாட்டுப் பாடுகிற மனிதர். அவர் இல்லாத வைத்திக்குப்பத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது, உடனே கோபமும் வந்தது. நேராகப் போய் எங்கள் உயிரியல் ஆசிரியை சரிதா மிஸ்ஸிடம் சண்டை போட்டேன். சரிதா மிஸ் போய் தலைமையாசிரியையிடம் சண்டை போட்டார். கடைசியில் தலைமையாசிரியை ஒரு வழி சொன்னார். நவம்பரில் பீச் ரோடு பக்கத்து ஹாலில் பள்ளிகளுக்கான அறிவியல் கண்காட்சி. தலைப்பு, 'செல்'. அதில் அன்புசெல்வி பரிசு வாங்கிவந்தால் இதே பிரிவில் இருக்கலாம். இல்லாவிட்டால் மறுநாளே வணிகவியல்.

கூட ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். கேட்பதற்கு முன்னாலேயே நான் கையைத் தூக்கிவிட்டேன்.

எல்லாப் பள்ளிகளும் தெர்மாகோலில் செல் செய்துகொண்டு வரும் என்பது ஊருக்கே தெரியும். அதோடு வெங்காயத் தோல் ஒரு சிலைடு, கன்னத்து உள்பக்கம் சுரண்டியது ஒரு சிலைடு. வருஷா வருஷம் இதே கதைதான் என்று சரிதா மிஸ் அலுத்துக்கொண்டார். உயிரோடு இருக்கிற வேறு ஏதாவது காட்டினால்தான் நடுவர்கள் நிற்பார்கள் என்றார்.

"மீன் ரத்தம் காட்டலாமா மிஸ்?" என்றாள் அன்புசெல்வி. "மனுஷ ரத்தத்துல செகப்பு செல்லுக்கு உட்கரு இல்ல, மீனுக்கு உண்டுன்னு நீங்கதான சொன்னீங்க?"

சரிதா மிஸ் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்து, "செய்யி," என்றார்.

செய்து பார்ப்பதற்கு மைக்ராஸ்கோப் வேண்டுமே. எங்கள் பள்ளியில் நல்லதாக ஒன்று இருந்தது. அது பீரோவில் இருந்தது. பீரோ சாவி தலைமையாசிரியையிடம் இருந்தது. பிள்ளைகள் தொட்டால் உடைந்துவிடும் என்று அதை வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெளியே எடுப்பார்கள். ஜூலையில் ஆளுக்கு ஒரு தடவை வெங்காயத் தோல் பார்க்கவிட்டபோது இவள் கண்ணை எடுக்காமல் நின்று திட்டு வாங்கியது வகுப்புக்கே தெரியும். ஆக, மீன் ரத்தம் மைக்ராஸ்கோப்பில் எப்படி இருக்கும் என்று கண்காட்சி அன்று காலை வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் பார்த்ததே இல்லை.

அன்று விடிந்ததும் நான் வைத்திக்குப்பத்துக்குப் போய்விட்டேன். படகுகள் வரிசையாக மணலில் ஏறியிருந்தன. தனம் ஒரு கெளுத்தி மீனைப் பிடித்து, குத்தாமல் இருக்க அதன் முள்ளை ஒடித்து, கடல் தண்ணீர் நிரம்பிய வாளியில் போட்டுக் கொடுத்தார். கெளுத்தி சீக்கிரம் சாகாது. தேவைப்படும்போது செவுளில் லேசாகக் கீறினால் ரத்தம் வரும்.

"கொழாத் தண்ணி மட்டும் காட்டிடாதீங்க கண்ணு," என்று என்னிடம் சொன்னார். "நல்ல தண்ணி பட்டா மீனு கெட்டுப்பூடும். அலசறதுன்னா கடல் தண்ணியிலயே அலசுங்க."

அங்கே எல்லோரும் அப்படித்தான். விற்று முடிகிற வரைக்கும் மீன்மேல் குழாய்த் தண்ணீர் படவே விடமாட்டார்கள். அன்புசெல்வி பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கம் அது. அதனால்தான் ஹாலுக்குப் போனதும், கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம் வைத்து, அதை நீர்க்கச் செய்ய வாளியிலிருந்தே இங்க் ஃபில்லரால் ஒரு சொட்டு கடல் தண்ணீர் விட்டாள். மீன் ரத்தத்துக்குக் கடல் தண்ணீரைத் தவிர வேறு எதை விடுவது? எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பக்கத்து ஸ்டாலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. டை கட்டிய பெரிய பள்ளிக்கூடத்துப் பெண்கள். கட்டில் அளவுக்கு ஒரு தெர்மாகோல் செல். மைட்டோகாண்ட்ரியா எல்லாம் சீரியல் பல்பு, மினுக் மினுக் என்று எரிந்தது. உட்கரு உள்ளே ஒரு மோட்டார் வைத்து அதைச் சுற்றவிட்டிருந்தார்கள். உட்கரு எதற்காகச் சுற்ற வேண்டும் என்று கேட்டேன். அழகா இருக்கில்ல, என்றார்கள். எங்கள் மேஜையில் கண்காட்சிக்காகப் பீரோவிலிருந்து வெளியே வந்த மைக்ராஸ்கோப், உட்கருவுக்கு நிறமேற்ற கொஞ்சம் மெத்திலீன் நீலம், சார்ட் பேப்பரில் ஒரு படம், கீழே ஒரு வாளி. வாளிக்குள் கெளுத்தி வாலை அடித்து என் பாவாடையை நனைத்தது. டை கட்டிய பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

சிலைடை மைக்ராஸ்கோப்பில் வைத்துச் சரிசெய்வதற்குள் நடுவர் வந்துவிட்டார். ஆதிமூலம் சார், காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, கையில் தொப்பி. குனிந்து பார்த்தார். திருகிப் பார்த்தார். நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"செல் எங்கம்மா இருக்கு? எல்லாம் காஞ்ச திராட்சை மாதிரி சுருங்கிக் கெடக்கு. உட்கரு எது, மத்தது எதுன்னே தெரியலையே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். கையிலிருந்த தாளில் என்னவோ எழுதிக்கொண்டு பல்பு எரிகிற இடத்துக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். வணிகவியல் வகுப்பில் அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பது கண் முன்னால் வந்தது.

அன்புசெல்வி கண்ணைக் குழலில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை.

"எல்லாம் உன் கடல் தண்ணியாலதான்," என்று நான் கத்தினேன். "அந்த உப்பைப் போய் யாராவது ரத்தத்துல விடுவாங்களா? தள்ளு, எங்க ஊரு தண்ணிய விடு."

என் பையில் ஒரு பாட்டில் பாகூர்த் தண்ணீர் எப்போதும் இருக்கும். டவுன் தண்ணீரை வாயில் வைக்க முடியாது என்று என் அப்பா பலராமன் தினமும் எங்கள் போர்வெல் தண்ணீரை நிரப்பிக் கொடுத்துவிடுவார். இளநீர் கணக்காக இனிக்கும். அந்தத் தண்ணீரைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் திமிர் உண்டு, எனக்குக் கொஞ்சம் அதிகம்.

அவள் வாளியில் குனிந்து கெளுத்தியின் செவுளிலிருந்து புதிதாக ஒரு சொட்டு எடுத்தாள். அதில் என் பாகூரை விட்டேன். இருவரும் மாறி மாறிப் பார்த்தோம். முதலில் செல்கள் பூரி மாதிரி உப்பின. ஆஹா என்றேன். உப்பியவை இன்னும் உப்பி, ஒவ்வொன்றாக மங்கி, உடைந்து காணாமல் போயின. நீலப் புள்ளிகள் மட்டும் அங்கங்கே மிதந்தன. உட்கருக்கள்தான். வீடு இடிந்த பிறகு நடுவில் நிற்கிற ஆள் மாதிரி நின்றன.

"உன் தண்ணி வெடிக்க வெச்சிடுச்சி," என்றாள்.

"உன் தண்ணி காய வெச்சிடுச்சே, அது மட்டும் ஒழுங்கா?"

இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டோம். அப்புறம் அவள் முகம் மாறியது. அந்த முகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"ஹேமா, இது சவ்வு செய்யற வேலைடி," என்றாள் மெதுவாக. "செல்லுக்குச் சுத்தி இருக்குதே, அந்தத் தோலு. உப்பை விடாது, தண்ணிய விட்டுடும். வெளிய உப்பு அதிகம்னா உள்ள இருக்கற தண்ணி வெளிய ஓடுது, செல்லு காயுது. வெளிய உப்பே இல்லன்னா தண்ணி உள்ள ஓடுது, வெடிக்குது."

சவ்வூடு பரவல். அந்த ஐந்து மதிப்பெண் கேள்வியை நான் தலைகீழாக ஒப்பிப்பேன். காலாண்டில் முழு மார்க் வாங்கியிருந்தேன். ஆனால் அது உண்மையிலேயே எங்கேயோ நடக்கிற ஒரு காரியம் என்று அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தோன்றியதே இல்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது.

"அப்ப ரெண்டுக்கும் நடுவுல ஒரு தண்ணி வேணும்," என்றேன்.

"ஆமா. மீன் ஆயறப்ப ரத்தம் தெறிச்சி உதட்டுல படும். கரிக்கும், ஆனா கடலு அளவுக்குக் கரிக்காது. அதுல கால்வாசிதான் இருக்கும்."

பாட்டில் மூடியில் கலந்தோம். பாதிக்குப் பாதி விட்டுப் பார்த்தோம். செல்கள் இன்னும் சுருங்கித்தான் இருந்தன, முன்னைவிடக் குறைவாக. கடலைக் குறைத்து பாகூரை ஏற்றினோம். அவள் மூடியிலிருந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்து, உதட்டைச் சுழித்து, "இன்னும் உன் தண்ணி," என்றாள். கடைசியில் ஒரு பங்கு கடலுக்கு மூன்று பங்கு பாகூர்.

குழலில் கண்ணை வைத்தவள் மூச்சு விடவில்லை. பிறகு என் தலையைப் பிடித்துக் குழலில் அழுத்தினாள்.

எல்லாம் அங்கே இருந்தன. நீள்வட்டமாக, வழவழப்பாக, ஒரு கீறல் இல்லாமல். ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிசான ஓரம். உள்ளே வெளிறிய சைட்டோபிளாசம். நட்டநடுவில் நீலமாக உட்கரு, தன் அறையை விட்டு அசையாமல் எல்லோருக்கும் உத்தரவு போடுகிற எங்கள் தலைமையாசிரியை மாதிரியே. நான் போட்ட கத்தலில் பக்கத்து ஸ்டாலில் யாரோ ஸ்விட்சை அணைத்துவிட்டார்கள்.

"நீ மூணு சிலைடும் ரெடி பண்ணு," என்று அவளிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

ஆதிமூலம் சார் டீ மேஜையில் வடையைக் கையில் எடுத்திருந்தார். அவருக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். "சார், நீங்க பாத்தது பாதிதான் சார். மீதியும் பாக்கணும்."

"ஒரு ஸ்டாலை ரெண்டு தடவை பாக்கற வழக்கம் இல்லையேம்மா."

"அதே ரத்தம் சார். கடல் தண்ணியில ஒண்ணு, பாகூர்த் தண்ணியில ஒண்ணு, ரெண்டும் கலந்தது ஒண்ணு. மூணும் மூணு மாதிரி இருக்கு சார்!"

வடை பாதியில் நின்றது. "கெட்டுப்போனதையும் தூக்கிப் போடலையா?"

"அதையும் சேத்துத்தான் சார் காட்டறோம்."

வடையைத் தட்டில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்தார்.

மூன்று சிலைடும் வரிசையாக இருந்தன. முதலாவதைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், மூன்றாவதில் நெடுநேரம் குனிந்து நின்றார். அன்புசெல்வி சொல்லிக்கொண்டே போனாள். முதலில் குரல் நடுங்கியது. அப்புறம் ஏலம் கூறுகிற இடத்தில் வளர்ந்த பெண் என்பது அந்தக் குரலில் தெரிய ஆரம்பித்தது.

"சவ்வுதான் சார் உள்ள எது வரணும், வெளிய எது போவணும்னு பாக்குது. உப்பை நிறுத்தி வெக்குது, தண்ணிய விடுது. அது கிழிஞ்சா மத்ததெல்லாம் இருந்தும் பிரயோசனம் இல்ல. இதோ ரெண்டாவது சிலைடுல உட்கரு நல்லாத்தான் இருக்கு, ஆனா செல்லு இல்ல."

"இது மனுஷ ரத்தமா?"

"இல்ல சார், கெளுத்தி. நம்ம செகப்பு செல்லு உட்கருவை எடுத்துப் போட்டுட்டுத்தான் ரத்தத்துக்கு வருது. மீனு வெச்சிக்குது."

"சரி, மைட்டோகாண்ட்ரியா எங்க? காட்டு பாக்கலாம்." அவர் கண் பக்கத்து ஸ்டால் பக்கம் ஒரு முறை போய் வந்தது.

ஏதாவது ஒரு புள்ளியைக் காட்டிவிடுடி என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"இந்த மைக்ராஸ்கோப்புல எனக்குத் தெரியல சார். ரிபோசோமும் தெரியாது, அது இன்னும் பொடிசு," என்றாள் அவள். "ஆனா உள்ள இருக்கு. ரிபோசோம் புரதம் செய்யுது. மைட்டோகாண்ட்ரியா படகு இன்ஜின் மாதிரி சார். அது நின்னுபோச்சுன்னா படகு இருக்கும், எங்கயும் போவாது."

சிவப்புக் கோடு வாங்கிய அதே வரி. சரிதா மிஸ் பின்னால் வந்து நின்றது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் பக்கத்தில் தலைமையாசிரியையும் நின்றார்.

ஆதிமூலம் சார் நிமிர்ந்தார். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "த்ரே பியன்! ரொம்ப நல்லா இருக்கு!" என்றார். அந்தக் காலத்து பிரெஞ்சு படிப்பு, சந்தோஷம் வந்தால் தானாக வெளியே வரும் போலிருக்கிறது. "தெரியாததைத் தெரியலன்னு சொல்ற வாயி, தெரிஞ்சதை இப்படிச் சொல்ற வாயி. பேரு இன்னாம்மா?"

சொன்னாள். அவர் மற்ற நடுவர்களைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவர்கள் பின்னால் பெற்றோர்கள் வந்தார்கள், பிள்ளைகள் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் மேஜையிலிருந்து வாசல் வரைக்கும் வரிசை. டை கட்டிய பெண்களும் வரிசையில் நின்றார்கள், மூக்கைப் பொத்தாமல். அவர்களுக்கு நான்தான் ஃபோகஸ் வைத்துக் கொடுத்தேன், கொஞ்சம் பெருந்தன்மையாக.

முதல் பரிசு எங்களுக்கு. பெயரை மைக்கில் கூப்பிட்டபோது அன்புசெல்வி மேடைக்குப் போகாமல் என் கையை நசுக்கிக்கொண்டு நின்றாள். நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். கோப்பையை வாங்கியதும் அதைத் தலைக்கு மேல் தூக்கினாள், மீன் கூடையைத் தூக்குகிற அதே தூக்கு. மூன்று பங்கு என் தண்ணீர் என்பதால் கோப்பையில் முக்கால்வாசி எனக்குத்தான் என்று அவள் காதில் சொன்னேன். சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

இறங்கி வந்தபோது தலைமையாசிரியை எங்கள் மேஜையில் தனியாக இருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடி, குழலில் குனிந்திருந்தார்.

"நடுவுல நீலமா இருக்கே, அதுதான?" என்று நிமிராமலேயே கேட்டார்.

"ஆமாங்க மிஸ். அதுதான் உட்கரு," என்றாள் அன்புசெல்வி.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து, சாவிக் கொத்திலிருந்து ஒரு சாவியை நகத்தால் நெம்பிக் கழற்றி அன்புசெல்வியின் உள்ளங்கையில் வைத்தார். "பீரோ சாவி. லேபுக்கு நீதான் பொறுப்பு. தொலைச்சே, தோலை உரிச்சிடுவேன்."

வாளியைத் தூக்கிக்கொண்டு பீச் ரோடு வழியாக நடந்தோம். கெளுத்தி இன்னும் உயிரோடு சுற்றிக்கொண்டிருந்தது. நமக்கு இவ்வளவு செய்த மீனாச்சே, கடலில் விட்டுவிடலாமா என்று கேட்டேன். உனக்குப் பைத்தியமா என்பதுபோல் பார்த்தாள். அன்று தனம் வைத்த கெளுத்திக் குழம்பை நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். இருசப்பன் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பாடினார்.

திங்கட்கிழமை அவள் வழக்கம்போலத் தாமதமாகத்தான் வந்தாள். கேட் சாத்தியிருந்தது. தாவணி ஊக்கில் மாட்டியிருந்த பீரோ சாவியை எடுத்துக் கம்பிக்கு நடுவில் ஆட்டிக் காட்டினாள். வாட்ச்மேன் ஒன்றும் கேட்காமல் திறந்துவிட்டார்.